இலையான் காலம்

கோடையில் குதிரைக்கு இலையான் மருந்து அடிக்கலாமா, கூடாதா? ஒரு தமிழ்ச் சஞ்சிகையில் இப்படியொரு கேள்வியை எழுப்பினால் வாசகர்களில் பாதிப்பேர் சிரிப்பார்கள், மீதிப்பேர் பக்கத்தைப் புரட்டுவார்கள். எங்கள் ஊர்களில் குதிரை என்பது கோவில் வாகனம். மரத்தாலானது. வேட்டைத் திருவிழாவன்று வெளியே வரும், முடிந்ததும் வாகனசாலைக்குள் போய்விடும். அதில் இலையான் மொய்த்ததாக ஒருவரும் சொன்னதில்லை. மிஞ்சினால் நெடுந்தீவுக் குதிரைகள். அவற்றையும் எங்களில் பலர் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். ஆனாலும் மோர்னிங்சைட்டில் குடியிருக்கிற எங்களில் நாலைந்து பேருக்கு இது பல கோடைகளாகச் சாப்பாட்டு மேசைவரை வந்து போன கேள்வி.

மோர்னிங்சைட் வீதி தெற்கே ஒன்ராறியோ வாவிக்குக் கிட்டத் தொடங்கி, ஹைலண்ட் கிறீக் பள்ளத்தைத் தாண்டி, ஷெப்பேர்ட், ஃபின்ச் என்று குறுக்கு வீதிகளை வெட்டிக்கொண்டு ஸ்ரீல்ஸ் வீதிவரை போகிறது. ஸ்ரீல்ஸோடு ரொறன்ரோ நகரம் முடிகிறது. அதற்கப்பால் வயல்வெளியும் ரூஜ் ஆற்றுக் காடும். இன்னும் வடக்கே கார் பிடித்துப் போனால் மரவேலி அடைத்த குதிரைப் பண்ணைகள். தொண்ணூறுகளில் வந்து இறங்கிய எங்களுக்குக் கோப்பை கழுவுகிற வேலையும் பக்ரறி வேலையும் தட்டுப்பட்ட ஒரு கோடையில், தெரிந்தவர் ஒருவர் வானில் ஏற்றிக்கொண்டுபோய் அப்படியான ஒரு பண்ணையில் விட்டார். அந்த வானில் ஒரு பட்டதாரி ஆசிரியர் இருந்தார். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சராக இருந்தவர் ஒருவர் இருந்தார். ஏஎல் சோதனையை இரண்டாம் முறை எடுக்கமுடியாமல் வெளிக்கிட்டு வந்த பெடியன் ஒருவன். லாயம் கூட்டவேண்டும், இலத்தி அள்ளவேண்டும், ஈரமான வைக்கோலை இழுத்துவிட்டுப் புதிது போடவேண்டும். ஒரு குதிரை ஒரு நாளைக்கு இருபது கிலோவுக்கு மேல் இலத்தி போடும். இருபது குதிரை என்றால் கணக்கை நீங்களே பாருங்கள். கூட்டுறவு மனேச்சர்தான் அந்தக் கணக்கை முதலில் போட்டவர்.

வைகாசிக் கடைசியிலேயே இலையான் தொடங்கிவிடும். 'இலையான்' என்று ஒரு சொல்லில் நாங்கள் அடக்கிவிடுகிறோம், ஆனால் லாயத்தில் நிற்பவனுக்கு அது ஒரு சாதியல்ல. முதலில் ஓடுகிற தண்ணீரில் பிறக்கிற சிறிய கறுப்பு ஈ, குதிரையின் காதுக்குள்ளும் வயிற்றடியிலும் கடிக்கும். ஆனி பிறந்தால் மான் ஈயும் பெரிய குதிரை ஈயும். இவை ஊசி போட்டுக் குடிக்கிற சாதியில்லை. தோலைக் கத்திபோல வெட்டி, ஊறுகிற இரத்தத்தை நக்கும். கடிப்பது பெட்டைகள் மட்டும். பிறகு லாய இலையான். வீட்டு இலையானைப் போலவே இருக்கும், கடிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். முழங்காலுக்குக் கீழேதான் அதன் கண். அது கடிக்கக் கடிக்கக் குதிரை காலைச் சீமெந்தில் உதைக்கும், இரவெல்லாம் உதைக்கும். குளம்பு வெடிக்கும், லாடம் கழரும். பொழுதுபடக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொசு வந்து பிடரியிலும் வாலடியிலும் கடிக்க, சில குதிரைகளுக்கு அதன் எச்சில் ஒத்துவராமல் தோல் புண்ணாகும்வரை மரத்தில் தேய்க்கும். கண்ணீர் குடிக்க மட்டும் வருகிற ஈ ஒன்றும் உண்டு. அது கடிப்பதேயில்லை. ஆனால் கண் பழுதாவது அதனால்தான்.

எங்கள் பண்ணையில் பழுப்பு நிறத்தில் ஒரு கிழட்டுப் பெட்டைக்குதிரை நின்றது. ஆடி மாதத்தில் அதன் இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வடிந்து கன்னத்தில் கறுத்த கோடு விழுந்திருக்கும், அந்தக் கோட்டில் இலையான் வரிசையாக இருக்கும். அந்தக் குதிரையை வைத்துத்தான் பண்ணை இரண்டு கட்சியானது. மேற்பார்வை பார்த்தவர், ஒரு நாளைக்கு மூன்று தரம் எல்லாக் குதிரைக்கும் மருந்து அடிக்கச் சொன்னார். சவாரி பழக்க வந்த இளம் பெண், அது நஞ்சு என்றாள், காட்டில் குதிரைக்கு ஆர் மருந்தடிக்கிறார்கள் என்று கேட்டாள். இரண்டு பேரும் தங்கள் பாட்டுக்கு வாதாடிக்கொண்டு நிற்க, போத்திலைப் பிடித்துக்கொண்டு நின்றது நாங்கள்.

'காட்டில் ஆர் அடிக்கிறார்கள்' என்ற கேள்வி நல்ல கேள்விதான். எங்களுக்கு அதைக் கேட்டதும் நெடுந்தீவு நினைவுக்கு வந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வாரிசுகள், ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி அங்கே குதிரை வளர்த்த கதை, எல்லோரும் கைவிட்ட பிறகு வெளியில் தாமாகப் பெருகிய கூட்டம். 2015இல் அந்த நிலத்தை ஒரு தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். வரட்சி வந்தால் தண்ணீருக்குத் தவிக்கிற அந்தக் குதிரைகளுக்கு மருந்து அடிக்க ஒருவரும் இல்லை. அவை சமாளிக்கின்றன. ஆனால் எதை வைத்துச் சமாளிக்கின்றன என்று பார்த்தால், கடற்காற்று வீசுகிற பக்கத்துக்கு நடந்து போகலாம். உடம்பு கடித்தால் முருகைக்கல் வேலியில் உரசலாம். சேற்றில் புரளலாம். ஒன்றின் தலைப்பக்கம் மற்றதன் வால்பக்கம் வர இரண்டிரண்டாக நின்று, ஒன்றின் வாலால் மற்றதன் முகத்தை விசிறலாம். கூட்டமாக நிற்பதே ஒரு மருந்துதான். பிரான்சின் கமார்க் சதுப்புநிலக் குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 1979இல் வந்தது. கூட்டம் பெருக்கப் பெருக்க ஒரு குதிரைக்கு விழுகிற கடி குறைகிறது என்பது அதன் முடிவு. மோர்னிங்சைட்டில் இரண்டு அறை வீட்டில் ஒன்பது பேர் படுத்த காலத்தில் வாடகை பிரிந்த கணக்கும் அதுதான் என்று ஆசிரியர் சொன்னார்.

லாயத்துக் குதிரைக்கு இதில் எதுவும் இல்லை. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி அறை. தனியாக நிற்கவேண்டும். அதன் கையில் மிச்சமிருப்பது வாலும், பிடரியும், நெற்றி மயிரும், தோலைத் துடிக்கவைக்கிற தசையும் மட்டுந்தான். அந்தத் தசையை நாங்கள் முதல் நாள் பார்த்துவிட்டு அதிசயித்தோம். இலையான் இருந்த இடம் மட்டும் நடுங்கும், குதிரை மற்றப்படி அசையாது. எங்கள் மாடுகளும் இதைச் செய்யும், ஊரில் நாங்கள் கவனித்ததில்லை. இந்த மிச்சத்தையும் பறித்த காலம் உண்டு. அழகுக்காக வாலை எலும்போடு தறித்தார்கள். ஆனா சுவெல் 1877இல் எழுதிய 'பிளாக் பியூட்டி'யில் வால் தறிபட்ட கிழக்குதிரை ஒன்று இலையானை ஓட்ட வழியில்லாத தன் நிலையைச் சொல்லி அழுகிறது. பிரித்தானியாவில் அதைத் தடைசெய்ய 1949 ஆனது. ஆகவே அந்தப் பெண்ணுக்கு எங்கள் மறுமொழி, காட்டுக் குதிரைக்கு உள்ளதெல்லாவற்றையும் இதற்கும் தருவதானால் மருந்து வேண்டாம், தரமாட்டோம் என்றால் அதற்குப் பதிலாக ஏதோ செய்யத்தான் வேண்டும் என்பது. அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னோம். அவள் விளங்கிக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறோம்.

மேற்பார்வையாளரின் கட்சியிலும் நியாயம் இல்லாமலில்லை. இலையான் கடி வெறும் கடியல்ல. 1880இல் அன்றைய பிரித்தானிய இந்தியாவில், இன்று பாகிஸ்தானில் இருக்கிற தேரா இஸ்மாயில் கானில், கிறிபித் எவன்ஸ் என்ற மிருக வைத்தியர் 'சுர்ரா' நோயில் மெலிந்து சாகிற குதிரைகளினதும் ஒட்டகங்களினதும் இரத்தத்தில் நெளிகிற ஓர் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். அதை ஒரு மிருகத்திலிருந்து இன்னொன்றுக்குக் காவுவது பெரிய குதிரை ஈ. கனடாவில் சுர்ரா இல்லை. ஆனால் அதே ஈ காவுகிற, மருந்தே இல்லாத ஓர் இரத்தச்சோகை நோய் இங்கே உண்டு, கண்டால் அரசாங்கத்துக்கு உடனே அறிவிக்கவேண்டும். நுளம்பு காவுகிற மேற்கு நைல் காய்ச்சல் 1999இல் நியூயோர்க்கில் தலைகாட்டியது, 2001இல் ஒன்ராறியோப் பறவைகளில் வந்தது, 2002இல் மனிதரில். நோய் முற்றித் தள்ளாடுகிற குதிரைகளில் மூன்றிலொன்று அளவில் செத்துப்போகும். குதிரைக்கு அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, மனிதருக்கு இன்னும் இல்லை. இதைக் கேள்விப்பட்ட அன்று பெடியன் சொன்னான்: "அண்ணை, இந்த நாட்டில குதிரையாப் பிறந்திருக்கலாம்."

அவன் பகிடி விட்டாலும் போத்திலால் அதிகம் பாதிக்கப்பட்டது அவன்தான். ஒரு நாள் வேலை முடிந்து வானில் வரும்போது முகம் விறுவிறுக்கிறது, உதடு மரத்ததுபோல் இருக்கிறது என்றான். அந்த வயதில் பிறெஷரா என்று பயந்தோம். எங்களில் ஒருவரின் மகள், அப்போது பதினோராம் வகுப்பு, கேட்டாள்:

"மாமா, என்ன மருந்து அடிச்சனீங்கள்?"

"இலையான் மருந்து, பிள்ளை."

"பேர் என்ன?"

போத்திலில் பேர் இல்லை. பெரிய கலனிலிருந்து சிறிய வெள்ளைப் போத்தில்களுக்கு ஊற்றித்தான் எங்களிடம் தருவார்கள். மறுநாள் நாங்கள் கலனைக் காட்டச் சொல்லிக் கேட்டோம். வேலைக்கு வந்து இரண்டாவது கோடையில் அப்படிக் கேட்பது லேசான காரியமல்ல, வானில் எங்கள் இடத்துக்கு ஆள் காத்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மேற்பார்வையாளர் முணுமுணுத்துவிட்டுக் காட்டினார். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியிருந்த அந்தத் துண்டைப் பெடியன் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தான், பிள்ளை அன்றிரவு மேசையில் வைத்துத் தமிழில் சொன்னாள். கையுறை போடவேண்டும். காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக்கூடாது. குதிரையின் முகத்துக்கு அடிக்கக்கூடாது, துணியில் நனைத்துக் கண்ணுக்கு எட்டத் துடைக்கவேண்டும். குளத்தில் கலந்தால் மீன் சாகும். பூனைக்கு ஆகவே ஆகாது. இதைக் கேட்டதும் எங்களுக்கு லாயத்தில் குதிரைப் போர்வைமேல் படுக்கிற இரண்டு பூனைகள் ஞாபகம் வந்தன. விறுவிறுப்பு மட்டும் அவள் சொன்னதுபோலவே விடியத் தீர்ந்துவிட்டது. ஒன்ராறியோவில் தொழிற் பாதுகாப்புச் சட்டம் பண்ணைத் தொழிலாளருக்கும் செல்லும் என்று ஆனது 2006இல்தான். நாங்கள் கலனைக் காட்டச் சொல்லிக் கேட்டபோது எங்கள் பக்கம் அந்தச் சட்டம் இருக்கவில்லை.

கலனில் இருந்தது பெர்மெத்ரின். அதன் பூர்வீகம் ஒரு பூ. செவ்வந்தி இனத்து வெள்ளைப் பூவின் தூளில் பூச்சியைக் கொல்கிற சத்து இருக்கிறது. எங்கள் வீடுகளில் கொளுத்திய நுளம்புத்திரியின் பழைய சரக்கும் அதுதான். வெய்யில் பட்டால் அந்தச் சத்து உடனே கெட்டுப்போகும். வெய்யிலைத் தாங்குகிற விதமாக அதை இரசாயனத்தில் மாற்றிச் செய்தவர்கள் இங்கிலாந்தில் றொதம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர், 1973இல். 'இயற்கைச் சரக்கு' என்று அந்தப் பெண் தன் பணத்தில் வாங்கிவந்த இன்னொரு போத்திலில் இருந்தது சித்திரனெல்லா எண்ணெய். மூடியைத் திறந்ததும் கொழும்பில் இருந்துவந்த எங்கள் மனேச்சர், "இது பெங்கிரி தெல் அல்லோ!" என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த எண்ணெயை உலகத்துக்கு அனுப்பியது இலங்கையின் தென்கரைதான். காலி, மாத்தறைப் பக்கத்துப் புல்லின் மணம் கனடாவில் ஒரு குதிரையின் கழுத்தில் மணந்தது. மணம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மணித்தியாலத்தில் குதிரை வியர்க்க, மணமும் போய்விட்டது, இலையானும் வந்துவிட்டது.

இதைக் கேட்டு எங்கள் வீட்டு அக்கா ஒருவர் வேப்பெண்ணெய் தந்துவிட்டார். ஊரில் பட்டிக்கு வேப்பிலையும் பொச்சும் போட்டு மூட்டம் போட்ட வளர்ப்பு அது. பூசிப் பார்த்தோம். அந்த நேரத்துக்கு நல்லாயிருந்தது. பிறகு எண்ணெயில் தூசி ஒட்டி, குதிரை கரிக்குடம்போல ஆனதுதான் மிச்சம். மூட்டமோ அங்கே நினைக்கவும் கூடாது, வைக்கோல் நிறைந்த மரக்கட்டிடம். ஆனாலும் வேம்பைக் குறைத்துப் பேசமாட்டோம். 2007இல் ரொறன்ரோவில் அஷ் மரங்களைத் துளைத்துக் கொல்கிற பச்சை வண்டு பிடிபட்டபிறகு, நகரசபை தெருவோர மரங்களின் அடியில் ஊசிபோல ஏற்றிய மருந்து வேப்பம் விதையிலிருந்து எடுத்தது. அது நடந்தபோது அக்கா எல்லோருக்கும் ரெலிபோன் எடுத்துச் சொன்னார்.

மூன்று தரம் அடிப்பதில் எங்களுக்கு இருந்த பயம் வேறு. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு மருந்தடிக்கிற ஆட்கள் வருகிற நாள் தெரியும். சட்டி பானையெல்லாம் முற்றத்துக்கு வரும், சுவரெல்லாம் வெள்ளையாகும். இலங்கையில் டிடிரி அடித்து அடித்து 1963இல் மலேரியாவைப் பதினேழு நோயாளிகளாகக் குறைத்தார்கள். முடிந்துவிட்டது என்று அடிப்பதை விட்டார்கள். 1968, 69இல் ஐந்து லட்சம் பேருக்கு மேல் காய்ச்சலில் விழுந்தார்கள். திரும்ப டிடிரியை எடுத்தபோது நுளம்பு அதற்குப் பழகியிருந்தது, மலத்தியோனுக்கு மாறவேண்டி வந்தது. நாடு மலேரியா அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2016இல். ஆளைத் தேடிப் பிடித்து இரத்தம் சோதித்ததும், தண்ணீர் தேங்கிய இடத்தைப் பார்த்ததும், மருந்தும் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஒரே மருந்தை ஒரே லாயத்தில் வருடக்கணக்காக அடித்தால் அங்கே பிறக்கிற இலையானும் பழகித்தான் போகும். லாய இலையான்கள் பெர்மெத்ரினுக்குப் பழகியதை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

அந்த இலையான் பிறப்பதே நாங்கள் அள்ளுகிற சரக்கில். மூத்திரம் ஊறிய வைக்கோலிலும் இலத்தியிலும் முட்டையிட்டு, நல்ல வெக்கையில் இரண்டு மூன்று கிழமையில் பறந்துவிடும். வீட்டு இலையானுக்குப் பத்து நாள் போதும். லாயத்தின் பின்பக்கம் இலத்திக் குவியலை மாதக்கணக்கில் விட்டுவிட்டு முன்பக்கம் மூன்று தரம் மருந்தடிக்கிறோம். இதை மேற்பார்வையாளரிடம் சொன்னது ஆசிரியர். குவியலைக் கிழமைக்கொருதரம் அகற்ற டிரக்ரர் ஓடவேண்டும், அது செலவு. மருந்தைவிடச் செலவா என்று மனேச்சர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதம்தான் வேலை செய்தது, எங்கள் ஆங்கிலமல்ல.

அதன் பிறகு நேரத்தையும் மாற்றினார்கள். பெரிய குதிரை ஈ உச்சி வெய்யிலில்தான் பறக்கும், நிழலுக்குள் வர விரும்பாது. மருந்துக்கும் அது லேசில் பயப்படுவதில்லை. எனவே பகலில் குதிரையை உள்ளே கட்டினார்கள். பொழுதுபடுகிற நேரத்துக் கொசு பறக்கத் தெரியாத கொசு, லாயத்தில் ஒரு விசிறி சுழன்றால் அதற்கு எதிர்த்துவர வலுவில்லை. ஆகவே விசிறிகள். இரவு நன்றாக இருட்டியபின் மேய விட்டார்கள். கிழவிக்கு முகத்தில் வலைத்துணி மூடி மாட்டினோம், பார்க்க நுளம்புவலைக்குள் இருப்பதுபோல இருக்கும், அதற்குள்ளால் கண் தெரியும். இரண்டு கிழமையில் கன்னத்துக் கோடு காய்ந்தது. மருந்து அடியோடு நிற்கவில்லை. சவாரிக்கு ரூஜ் பக்கம் போகிற நாளில், வியர்க்குமுன், காலுக்கும் வயிற்றுக்கும் ஒரு தரம். புதுக் குதிரையென்றால் முதலில் ஒரு கையளவு இடத்தில் பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்த்து. இந்த அளவில் அடிக்கலாம் என்பதுதான் இன்றுவரை எங்கள் அபிப்பிராயம். ஆனால் அடிக்கிறவன் கையில் கையுறையும் கலனில் பதிவிலக்கமும் இல்லையென்றால் அந்த ஒரு தரமும் வேண்டாம்.

நிறத்தைப் பற்றியும் இப்போது நிறையச் சொல்கிறார்கள். வெள்ளைக் குதிரையை ஈ குறைவாகக் கடிக்கிறது என்று 2010இல் ஹங்கேரியர்கள் காட்டினார்கள், கறுத்த தோலில் பட்டுத் தெறிக்கிற ஒளி ஈக்குத் தண்ணீர்போலத் தெரிகிறதாம். 2019இல் இங்கிலாந்தில் குதிரைகளுக்கு வரிக்குதிரைச் சட்டை போட்டுப் பார்த்தபோது சட்டைமேல் ஈ இருப்பது வெகுவாகக் குறைந்தது. மூடாத தலையில் மட்டும் வழக்கம்போல. இப்போதும் அந்தப் பண்ணைக்குப் போய்வருகிற எங்களில் ஒருவர், கோடுபோட்ட போர்வைகள் வந்துவிட்டன என்கிறார். தூரத்தில் பார்த்தால் மிருகக்காட்சிச்சாலைபோல இருக்கிறதாம்.

புரட்டாசிக் குளிர் தொடங்க எல்லாம் அடங்கும், ஒன்றைத் தவிர. கடிக்காத, தேனீபோன்ற ஓர் ஈ கோடைக் கடைசியில் வந்து குதிரையின் முன்னங்கால் மயிரில் மஞ்சள் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகும். குதிரை காலை நக்க, புழு வாய்க்குள் போய், இரைப்பையில் மாரியைக் கழிக்கும். ஒட்டிய முட்டைக்கு அந்தப் போத்திலால் பிரயோசனமில்லை. மொட்டைக் கத்தியால் மயிர் மயிராகச் சுரண்டவேண்டும். ஒரு காலுக்கு அரை மணித்தியாலம் பிடிக்கும், கிழவி அசையாமல் நிற்கும்.